பிள்ளைகளின் குரலுக்குப் பாடசாலையில் ஓர் இடம்

செப்டெம்பர் மாதத்தில் புதிய கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்கள் கழிந்ததும், இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ள கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலைகள் பலவற்றில் சிறியதொரு தேர்தல் நடைபெறுகின்றது. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் வகுப்பின் முன்னே நின்று, தம்மை ஏன் தெரிவுசெய்ய வேண்டும் என்று இரண்டொரு வசனங்கள் பேசுகின்றனர். ஏனையோர் துண்டுச் சீட்டில் பெயரெழுதிப் பெட்டியில் இடுகின்றனர். இவ்வாறு தெரிவான பிள்ளைகள் கூடும் சபையே மாணவர் மன்றமாகும். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து 'ஸ்கூல் கவுன்சில்' என்று சொல்வது இதனைத்தான்.

எமது பெற்றோரில் பலர் இதனைக் கேட்டுப் புன்னகைத்துவிட்டு அடுத்த அலுவலைப் பார்க்கின்றனர். சிலர் முகஞ்சுளிக்கின்றனர். இந்த வயதில் பிள்ளைக்கு நிர்வாகம் எதற்கு, பெரியோர் சொல்வதைப் பிள்ளைகள் கேட்பதல்லவா முறை என்பது அவர்களது எண்ணம். கத்தோலிக்கப் பாடசாலை ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் பெயர்பெற்றது என்பதற்காகவே சைவக் குடும்பங்கள் சிலவும் அங்கு பிள்ளைகளைச் சேர்க்கின்றன. அத்தகைய பாடசாலையே பிள்ளையிடம் அபிப்பிராயம் கேட்பது அவர்களுக்கு வியப்பாக இருக்கின்றது. ஆகவே இவ்விடயத்தைச் சற்று ஆறுதலாக நோக்குவோம்.

நிர்வாக மேசையில் அமர்வோர்

இங்கிலாந்தில் அரச நிதியில் இயங்கும் பாடசாலைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று கத்தோலிக்கப் பாடசாலையாகும். 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் வகுத்த ஏற்பாட்டின்படி, இத்தகைய பாடசாலைகளின் அன்றாடச் செலவை அரசு ஏற்கின்றது. சமயத் தன்மையைத் திருச்சபை காக்கின்றது. இவ்வகைப் பாடசாலையின் நிர்வாக சபையில் திருச்சபை சார்பில் நியமிக்கப்படுவோர், ஏனைய உறுப்பினர் அனைவரிலும் பார்க்க இருவரால் மிகுந்திருப்பர். அவர்களோடு பெற்றோர் தெரிவுசெய்த பிரதிநிதிகளும், அதிபரும், ஆசிரியர் தரப்பினரும், உள்ளூராட்சி சபையின் பிரதிநிதியும் அமர்வர். அண்மைய ஆண்டுகளில் பல பாடசாலைகள் 'அக்கடமி' என்னும் கூட்டமைப்புகளின் கீழ்ச் சென்றுவிட்டன. அங்கும் ஆயரின் செல்வாக்கு தொடர்கின்றது.

இம்மேசையைச் சுற்றி அமர்வோரில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் எவரும் இல்லை. நிர்வாக சபை உறுப்பினராக வருவதற்குச் சட்டம் அந்த வயதை வரையறுத்துள்ளது. எந்தக் கட்டடத்தைப் பற்றி முடிவெடுக்கப்படுகின்றதோ அக்கட்டடத்தில் நாள்தோறும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வாழ்பவர் பிள்ளைகள். உணவு ஆறிப்போய் வருகின்றதா, மலசலகூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, விளையாட்டிடத்தின் எந்த மூலையில் பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளை மடக்குகின்றனர் என்பன அவர்களுக்கே தெரியும். அந்த அறிவு மேசையைச் சென்றடைவதற்கான வழியே மாணவர் மன்றம்.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 1989 நவம்பரில் நிறைவேற்றிய சிறுவர் உரிமைச் சாசனத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துக் கூறும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்குகின்றது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்து மதிக்கப்படவும் வேண்டும். பிரித்தானியா இச்சாசனத்தை 1991 டிசெம்பரில் ஏற்று உறுதிப்படுத்தியது. இங்கிலாந்தில் 2002ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பிள்ளைகளைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களைக் கலந்தாலோசிப்பது பற்றிய அரச வழிகாட்டலைப் பாடசாலைகள் கவனத்திற் கொள்ள வேண்டும் என்றது. எனினும் மன்றம் அமைப்பதை அது கட்டாயமாக்கவில்லை. வேல்ஸ் மேலும் ஓரடி முன்சென்றது. அங்கு 2005ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் ஆரம்பப் பாடசாலைகளுக்கும் மாணவர் மன்றத்தைக் கட்டாயமாக்கின. மன்றம் ஆண்டுக்கு ஆறு தடவையேனும் கூட வேண்டும். அது முன்வைக்கும் விடயங்களுக்கு அதிபரும் நிர்வாக சபையும் பதில் தர வேண்டும்.

இந்தப் 'பதில்' என்னும் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம். முழு விடயமும் அதிலேயே தங்கியுள்ளது.

திருச்சபையின் மரபுக்கு மாறானதா?

பிள்ளையிடம் கருத்துக் கேட்பது மேலைநாட்டுப் புதுமோகம் என்றும், கத்தோலிக்க ஒழுங்குக்கு ஒவ்வாதது என்றும் கருதுவோர் உளர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தமது துறவிகளுக்கு எழுதிய விதிநூலின் மூன்றாம் அதிகாரம், முக்கியமான விடயம் எழும்போது மடாதிபதி மடத்தினர் அனைவரையும் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கின்றது. சிறந்த வழியை இறைவன் பல வேளைகளில் இளையவருக்கே உணர்த்துகின்றார் என்பது அதற்கு அவர் கூறும் காரணம். கேட்டபின் முடிவெடுக்கும் பொறுப்பு மடாதிபதியுடையதே. நல்லதொரு மாணவர் மன்றத்தின் இலக்கணம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகளை அமைத்த புனித லசால், மாணவருக்குப் பல பணிகளைப் பகிர்ந்தளித்தார். மணியடிப்பவர், செபம் சொல்பவர், தாள் பங்கிடுபவர், வாயில் காப்பவர் எனப் பலர் இருந்தனர். யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு 'மொனிற்றர்' என்ற சொல் இதனை உடனே உணர்த்தும். ஆயினும் பணியும் குரலும் ஒன்றல்ல. மொனிற்றர் ஆசிரியரின் கட்டளையை வகுப்புக்குக் கொண்டுவந்தார். மன்றப் பிரதிநிதியோ வகுப்பின் எண்ணத்தை ஆசிரியரிடம் கொண்டுசெல்ல வேண்டியவர். பாதை ஒன்றேயாயினும் திசை எதிரானது. தமது மொனிற்றர் காலத்தை நினைத்துக்கொண்டு மன்றத்தை அளக்கும் பெற்றோர் இந்த வேறுபாட்டைக் காணத் தவறிவிடுகின்றனர்.

இத்தாலியில் புளோரன்சுக்கு வடக்கே மலைப்பகுதியில் உள்ள பார்பியானா என்னும் சிற்றூருக்கு 1954இல் அனுப்பப்பட்ட குருவானவர் லொறென்சோ மிலானி, ஏனைய பாடசாலைகளில் தோல்வியடைந்த உழவர் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் நடத்தினார். அங்கு மூத்த பிள்ளைகள் இளையோருக்குக் கற்பித்தனர். கல்வியிற் பின்தங்கியவருக்கே முதலிடம் வழங்கப்பட்டது. அப்பிள்ளைகளில் எண்மர் கூடி எழுதி 1967இல் வெளிவந்த 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்னும் நூல், ஏழைப் பிள்ளைகளை வகுப்பேற்றாது வெளியே தள்ளும் இத்தாலியக் கல்வி முறையைக் கணக்கோடு சாடியது. ஐம்பது ஆண்டுகளின் பின், 2017 ஜூனில், பாப்பரசர் பிரான்சிஸ் அவ்வூருக்கே சென்று மிலானியின் கல்லறையில் செபித்தார்.

மௌனத்தின் விலை

பிள்ளைகளின் சொல் கேட்கப்படாதபோது நேர்வது என்ன என்பதற்கும் திருச்சபையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. அயர்லாந்தில் துறவற சபைகள் நடத்திய, பிள்ளைகள் தங்கியிருந்த கைத்தொழிற் பாடசாலைகள் பற்றி விசாரித்த ஆணைக்குழு, 2009 மே மாதத்தில் ஐந்து தொகுதிகள் கொண்ட அறிக்கையை வெளியிட்டது. பல்லாண்டுகளாக அங்கு அடி உதையும் பாலியல் கொடுமையும் நிகழ்ந்தமையை அது பதிவுசெய்தது. முறையிட்ட பிள்ளைகள் நம்பப்படவில்லை. முறையிட்டதற்காகத் தண்டிக்கப்பட்டோரும் இருந்தனர்.

இன்றைய பகற் பாடசாலைகளை அந்நிறுவனங்களோடு ஒப்பிடுவது நியாயமாகாது. பிள்ளைப் பாதுகாப்புக்கென இன்று கண்டிப்பான விதிகளும் பொறுப்பான அலுவலர்களும் உள்ளனர். மன்றம் அவ்விதிகளுக்கு ஈடானதுமன்று. தனியொரு பிள்ளைக்கு நேர்ந்த கொடுமையைக் கூட்டத்தில் பேசுதல் கூடாது, பொறுப்பான ஆசிரியரிடமே கூற வேண்டும். ஆனால் மதிய உணவு பற்றித் தான் சொன்னது கேட்கப்பட்டது என்று கண்ட பிள்ளையே, நாளை பெரியதொரு துன்பம் நேரும்போது வாய்திறக்கத் துணியும். சிறிய விடயங்களில் கிடைக்கும் பழக்கம் பெரிய விடயத்தில் காவலாகின்றது. இதனாலேயே நாம் மாணவர் மன்றத்தை விளையாட்டாகக் கருதுவதற்கில்லை.

அலங்காரமா, பங்கேற்பா?

எனினும் மன்றம் என்ற பெயரில் நடப்பதெல்லாம் மன்றமாகிவிடாது. சிறுவர் பங்கேற்புப் பற்றி றொஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெப் நிறுவனத்துக்கு எழுதிய கட்டுரையில் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை வரைந்து காட்டினார். பிள்ளைகளைப் பெரியோர் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்துதல், அலங்காரமாக நிறுத்துதல், பெயருக்கு இடமளித்தல் என்பன அதன் கீழ்ப்படிகள் மூன்று. இவை பங்கேற்பே ஆகமாட்டா என்றார் அவர். ஆயர் வருகை தரும் நாளில் பட்டியணிந்து வரிசையில் நின்று பூங்கொத்துக் கொடுப்பதோடு முடிந்துவிடும் மன்றம் இரண்டாம் படியிலேயே நிற்கின்றது.

பெல்பாஸ்ற் பல்கலைக்கழகப் பேராசிரியர் லோறா லண்டி 2007இல் நான்கு தேவைகளைச் சுட்டினார். பிள்ளை அச்சமின்றிப் பேசுவதற்கு இடம் வேண்டும். பேசுவதற்குத் துணை வேண்டும். முடிவெடுக்கும் நிலையில் உள்ளவர் கேட்க வேண்டும். சொன்னது தகுந்த பயன் விளைக்க வேண்டும். முதல் இரண்டையும் செய்யும் பாடசாலைகள் பல. பின்னிரண்டும் அரிதாகின்றபோது பிள்ளைகள் விரைவில் அறிந்துகொள்கின்றனர். அடுத்த ஆண்டு தேர்தலுக்கு முன்வருவோர் குறைகின்றனர்.

மன்றத்துக்கு எல்லைகளும் உண்டு. ஆசிரியரை நியமித்தல், மாணவரைச் சேர்த்தல், திருச்சபையின் போதனை ஆகியவை அதன் கையில் இல்லை. செபக் கூட்டத்தை எவ்வாறு நடத்தலாம், தவக்காலத்தில் சேர்க்கும் பணத்தை எந்த உதவிக்கு அனுப்பலாம், உணவு வரிசையை எவ்வாறு ஒழுங்குபடுத்தலாம், புதிதாக வரும் பிள்ளையை யார் வரவேற்பது என்பன அதன் கையில் இருக்கலாம். 'இது உங்களால் முடியும், இது முடியாது, காரணம் இது' என்று முதற் கூட்டத்திலேயே சொல்லும் அதிபர் பிள்ளைகளை மதிக்கின்றார். மறுப்புக் கூறுவதாயினும் காரணத்தோடு கூறுவதே பதில்.

பேச மொழியில்லாப் பிள்ளை

எம்மைப் பொறுத்தவரை மிக முக்கியமான கேள்வி வேறொன்று. வகுப்புத் தேர்தலில் வெற்றி பெறுவோர் பெரும்பாலும் சரளமாகப் பேசுவோரும் நண்பர் பலரை உடையோருமே. மூன்று மாதங்களுக்கு முன் வந்திறங்கி, இரண்டு தடவை வீடு மாற்றப்பட்டு, ஆங்கிலத்தில் இன்னும் வாய்திறவாத பிள்ளைக்கு வாக்களிப்பவர் யார்? அப்பிள்ளைக்கே பாடசாலையிடம் சொல்வதற்கு மிகுதியாக உண்டு. தேர்தல் மட்டும் போதுமென்று விட்டுவிட்டால், ஏற்கெனவே குரல் உள்ளவர்க்கே மேலும் குரல் கிடைக்கும்.

இதற்குப் பரிகாரங்கள் உள. பிரதிநிதி கூட்டத்துக்குச் செல்லுமுன் வகுப்பு முழுவதும் வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு முறை என்ற ஒழுங்கில் பேசலாம். எழுத முடியாதவர் படம் வரையலாம். தமிழில் எழுதியதை இன்னொரு பிள்ளை மொழிபெயர்க்கலாம். பாடசாலையில் தனக்கு அச்சந்தரும் இடத்தை வரைபடத்தில் சிவப்பு நிறத்தால் குறிப்பதற்கு ஆங்கிலம் தேவையில்லை. புதிதாய் வந்த பிள்ளைகளுக்கென மன்றத்தில் ஓரிடத்தை ஒதுக்குவதும் இயலும். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. அதிபரின் மனம் வேண்டும். பெற்றோர் சந்திப்பில் இவ்வாறான ஏற்பாடு உண்டா என்று நாம் கேட்பதில் தவறேதும் இல்லை.

பெற்றோரின் பங்கு

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளையின் முதன்மையான ஆசான்கள் பெற்றோரே என்று வலியுறுத்தியது. மாணவர் மன்றம் அந்த உரிமையை எம்மிடமிருந்து பறிக்கவில்லை. மன்றத்துக்குப் போகும் பிள்ளை வீட்டில் மரியாதை கெட்டுப்போகும் என்ற அச்சமும் வீணானது. தன் முறை வரும்வரை பொறுத்திருத்தல், பிறர் கூறுவதைக் குறித்தல், தோற்றபின் பெரும்பான்மையின் முடிவுக்கு இணங்குதல் ஆகியவற்றையே பிள்ளை அங்கு பயில்கின்றது. இவை எமது முன்னோரும் போற்றிய அவைப் பண்புகளே.

வேறொரு அச்சத்தையும் நாம் அறிவோம். 'எங்கள் வழக்கு இன்னும் முடியவில்லை, நீ ஒன்றும் சொல்லி மாட்டிவிடாதே' என்று பிள்ளையை எச்சரிக்கும் வீடுகள் உண்டு. விளையாட்டிடத்தைப் பற்றிப் பிள்ளை மன்றத்தில் கூறும் கருத்துக்கும் புகலிடக் கோரிக்கைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. உள்துறை அலுவலகக் கடிதத்தையும் வைத்தியரின் சொல்லையும் எமக்கு மொழிபெயர்த்துத் தரும் அதே பிள்ளையைப் பாடசாலையில் மட்டும் வாய்மூடி இருக்கச் சொல்வது முறையாகுமா? பெரியவருக்குரிய சுமையைச் சுமக்கும் பிள்ளைக்குத் தன் வயதுக்குரிய விடயங்களில் பேசும் இடமாவது வேண்டும்.

ஆகவே, 'இன்று என்ன படித்தாய்' என்று கேட்கும்போது, 'மன்றத்தில் என்ன பேசினார்கள், அதற்கு அதிபர் என்ன பதில் சொன்னார்' என்றும் கேட்போம். பதில் வரவில்லையென்று பிள்ளை சொன்னால் அதனைப் பெற்றோர் பிரதிநிதியின் காதில் போடுவோம். நாம் ஊரைவிட்டுப் புறப்பட்டதற்குரிய காரணங்களில் ஒன்று, எமது சொல்லுக்கு அங்கு செவி இல்லாமற் போனமை. வந்த இடத்தில் எமது பிள்ளை கையை உயர்த்தும்போது, அதனைப் பிடித்துக் கீழே இறக்கும் கை எமதாக இருத்தலாகாது.