நனைந்த துணி கெடாது

ஐப்பசி அடைமழையின் மூன்றாம் நாள், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து சொட்டுச் சத்தம் கேட்டது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பின் மூட்டு விட்டுப்போய், தளத்துக்குள் தண்ணீர் ஊறி, பரண் மூலையில் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த மூலையில்தான் அம்மாவின் தையல் சாமான்கள் இருந்தன. ஒரு ட்ரங்குப் பெட்டி, இரண்டு மூட்டைகள். டூ பை டூ ரூபியா பிட்டுகள், லைனிங் துணி, பாப்ளின், ஒரு தான் காடா, சின்னாளபட்டிச் சுங்குடி நான்கு, யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமல்போன பட்டு ரவிக்கைத் துணி ஒன்று.

“அம்புட்டும் போச்சுப்பா” என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் மெயினை அணைத்தோம். ஒழுகும் தளத்துக்குள் ஒயரும் ஓடுகிறது. பிறகு மூட்டைகளை இறக்கிப் பிரித்தோம். மேலே இருந்த மூட்டை சொதசொதவென்று நனைந்து, தூக்கவே முடியாத கனம். கீழே இருந்தது தொட்டால் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். ஆனால் மக்கு வாடை வந்தது அதிலிருந்து. ஓதம் காத்த சுவரில் பல வாரம் சாய்ந்து கிடந்திருக்கிறது. கடைசிக் கணக்கில், முழுக்க நனைந்த மூட்டையில் அநேகமாக எல்லாம் பிழைத்தது. அரை ஈரத்தில் கிடந்த மூட்டையில்தான் கரும்புள்ளி பாய்ந்திருந்தது.

இது தற்செயல் இல்லை. துணியின் உள்ளமைப்பு அப்படி.

தண்ணீரில் பலம் கூடும் நூல்

பருத்தி இழை என்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீளச் சங்கிலி. இந்தச் சங்கிலிகள் பக்கத்துப் பக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் இழையின் வலிமை. தண்ணீர் உள்ளே புகுந்தால் இழை பருமனில் ஊதும், உள்ளிருக்கும் இறுக்கம் தளரும். இழுக்கும் விசை எல்லாச் சங்கிலிகளுக்கும் சீராகப் பகிர்ந்து போகும். அதனால் நனைந்த பருத்தி இழை, காய்ந்ததைவிட 10 முதல் 20 சதவீதம் கூடுதல் பலத்தோடு இருக்கும். வேட்டியைக் கல்லில் அடித்துத் துவைத்தும் அது வருஷக்கணக்கில் உழைத்த ரகசியம் இதுதான்.

போகட்டும், துணி பிறப்பதே தண்ணீரில்தானே. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகிற சாலையில் இருக்கிறது சின்னாளபட்டி. அங்கே சுங்குடி ஒன்று தயாராவதற்குள் வெளுக்க ஒரு முறை, சாயத்துக்கு ஒரு முறை, அலசப் பல முறை என்று தண்ணீருக்குள் போய்ப்போய் வருகிறது. அத்தனை குளியலைத் தாங்கிய சேலை, பரணில் ஒழுகிய தண்ணீருக்கா செத்துவிடும்?

எல்லாத் துணியும் இப்படி இல்லை. விஸ்கோஸ் ரேயானும் செல்லுலோஸ்தான்; ஆனால் மரக்கூழைக் கரைத்து மறுபடி இழையாக்கியது. அதன் சங்கிலிகள் குட்டை, அடுக்கும் தளர்வு. நனைந்தால் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு காலத்தில் சின்னாளபட்டிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த செயற்கைப் பட்டுச் சேலை உங்கள் பெட்டியில் இருந்தால், நனைந்த நிலையில் அதை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, முறுக்கிப் பிழியவும் கூடாது. இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து, துண்டின் மேல் விரித்து, சுருட்டி அமுக்க வேண்டும். உண்மையான பட்டுக்கும் ஈரத்தில் கொஞ்சம் பலம் குறையும். அதற்கும் இதே மரியாதை. பாலியெஸ்டருக்குக் கவலையே இல்லை. தண்ணீரை அது உள்ளே வாங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம்.

பட்டினிக்காரன் பூஞ்சணம்

அப்படியானால் துணியைக் கெடுப்பது யார்? பூஞ்சணம். அதன் வித்துகள் காற்றில் எப்போதும் மிதக்கின்றன; உங்கள் பெட்டிக்குள்ளும் இப்போதே இருக்கின்றன. ஈரம், இதமான சூடு, அசையாத காற்று, தின்ன ஏதாவது. இந்த நான்கும் சேர்ந்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் முளைக்கத் தொடங்கிவிடும். முழுக்க நீரில் மூழ்கிய துணியில் பூஞ்சணத்துக்கு மூச்சு முட்டும். எலும்பாகக் காய்ந்த துணியில் தாகம் எடுக்கும். பாதி ஈரம்தான் அதற்குச் சொர்க்கம்.

தின்ன என்ன கிடைக்கிறது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. துவைத்துத் துவைத்து நைந்த பழைய புடவையைவிட, கடையிலிருந்து வந்த கோடித் துணியில்தான் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். காரணம் கஞ்சி. நெய்யும்போது பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சி ஏற்றுகிறார்கள். காடாவில் அந்தக் கஞ்சி அப்படியே இருக்கும். மற்றவற்றில் அதை எடுத்த பிறகும், மொடமொடப்புக்காக மறுபடி கொஞ்சம் போடுவது உண்டு. மாவுச்சத்தை எந்தப் பூஞ்சணமும் தின்னும். செல்லுலோஸைத் தின்பதற்குத்தான் தனிச் சாமர்த்தியம் வேண்டும்.

அந்தச் சாமர்த்தியசாலி ஒருவன் அகப்பட்ட கதை சுவையானது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலின் சாலமன் தீவுக்கூட்டத்தில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் சாமான்களும் மக்கி உதிர்ந்தன. அழுகிய துணியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சை ஒன்று, செல்லுலேஸ் என்னும் நொதியைச் சுரந்து செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுவதைக் கண்டார்கள். படைத்துறை ஆய்வகத்தில் அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பவரின் பேரால் அது இன்று ட்ரைக்கோடெர்மா ரீசி எனப்படுகிறது. கூடாரத்தைத் தின்ற அதே குடும்பத்து நொதியை ஆலைகள் இப்போது அளந்து பயன்படுத்துகின்றன. ஜீன்ஸுக்குப் பழைய நிறம் கொடுப்பதும், பனியன் துணியின் மேல் நீட்டியிருக்கும் பிசிறை மழிப்பதும் இந்த வகை நொதிதான். திருப்பூர்ப் பக்கம் ‘பயோ வாஷ்’ என்பார்கள்.

முதல் நாள் வேலை

ஆக, போட்டி தண்ணீரோடு இல்லை, கடிகாரத்தோடு. எது எவ்வளவு நனைந்தது என்று எண்ணி வருத்தப்படும் நேரத்தில் மூட்டையைப் பிரித்துவிட வேண்டும்.

வந்தது என்ன தண்ணீர் என்று முதலில் பாருங்கள். தொட்டித் தண்ணீர், மழைத் தண்ணீர் என்றால் பயமில்லை. சாக்கடை கலந்தது என்றால் கையுறை போட்டுக்கொண்டு, வெந்நீரில் சோப்புத்தூள் போட்டுத் துவைக்கத் தாங்குவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது நிறம் பிரிப்பது. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். சிவப்புச் சுங்குடியின் சாயம் வெள்ளை லைனிங்கில் இறங்கியிருந்தால், “காயட்டும், பிறகு பார்ப்போம்” என்று கொடியில் போடுகிறோம். காய்ந்தால் இடம் மாறிய சாயம் அங்கேயே தங்கிவிடும். ஈரம் இருக்கும்வரை அது வழிப்போக்கன், கிளப்பிவிடலாம். சாயம் ஏறிய துணியைத் தனியாக ஒரு வாளி தண்ணீரில் மூழ்க வைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலச வேண்டும். கல்லுப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். உப்பு கலந்த தண்ணீரில் சில வகைச் சாயம் கரைவது குறையும், அது சரி. ஆனால் அடுத்த நல்ல தண்ணீரில் மறுபடி ஓடும். நிரந்தரக் கட்டு இல்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் துவைக்க முடியாதா? காய்ந்த கொடியில்லாத மழை நாளில் அது நடக்காத காரியம்தான். அருங்காட்சியகங்கள் செய்யும் ஒரு தந்திரம் வீட்டிலும் பலிக்கும். நனைந்த துணியைத் தனித்தனிப் பாலித்தீன் பையில் போட்டு, ஃப்ரிஜ்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவது. பூஞ்சணம் சாகாது, ஆனால் உறைந்து நிற்கும். அந்தப் பட்டு ரவிக்கைத் துணி எங்கள் வீட்டில் நான்கு நாள் மீன் வைக்கும் தட்டுக்கு மேலே படுத்திருந்தது.

மூன்று கறை, மூன்று வைத்தியம்

முதலாவது தண்ணீர் வரை. நனைந்த இடத்துக்கும் காய்ந்த இடத்துக்கும் நடுவே பழுப்பு விளிம்பு விழுந்திருக்கும். துணி இழைகளின் நுண்ணிய சந்துகள் வழியே தண்ணீர் ஊர்ந்து போகும்போது கஞ்சி, தூசி, அழுக்கு, சுவரின் உப்பு எல்லாவற்றையும் கூடவே இழுத்துப் போகிறது. விளிம்பில் தண்ணீர் ஆவியாகிவிட, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. கறையை மட்டும் தேய்த்தால் வரை இன்னொரு இடத்துக்கு நகரும். துணி முழுவதையும் ஒரேயடியாக நனைத்து அலசுவதே வழி. போர்த் தண்ணீர் கடினமாக இருக்கும் வீடுகளில் கட்டிச் சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியிலேயே படியும். அங்கே சோப்புத்தூள் மேல். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குழாயில் வரும் ஆத்தூர் அணைத் தண்ணீரோ, பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ கிடைத்தால் நல்லது.

இரண்டாவது துருக்கறை, ட்ரங்குப் பெட்டியின் உபயம். வெள்ளைப் பருத்தி என்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைக்கலாம். சாற்றின் சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்துக் கரைத்துக்கொண்டு வரும். பிறகு நன்றாக அலசிவிட வேண்டும். அமிலம் தங்கினால் இழையை அரிக்கும். துருவின் மேல் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள், கறை இன்னும் அழுத்தமாகும்.

மூன்றாவது கரும்புள்ளி. முதலில் முழுக்கக் காயவைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே பிரஷ்ஷால் தட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் நெசவுக்குள் அப்பிக்கொள்ளும். இழுப்பு உள்ளவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். அதன் பின் துவையல். வெள்ளைப் பருத்திக்கு மட்டும் நீர்த்த ப்ளீச். பட்டுக்கும் கம்பளிக்கும் அது விஷம், இழையையே கரைத்துவிடும். ப்ளீச்சோடு வினிகர், பாத்ரூம் ஆசிட் எதையும் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். இத்தனைக்குப் பிறகும் புள்ளி தெரிந்தால், பூஞ்சணம் செத்தும் அதன் நிறமி தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் துணியை இரு கட்டைவிரலால் இழுத்துப் பாருங்கள். கிழியாவிட்டால் பை தைக்கவாவது ஆகும்.

காய்ந்தது என்பது எது?

தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரப்பதம் 65 சதவீதம் உள்ள சாதாரணக் காற்றில், எலும்பாக உலர்ந்த 1 கிலோ பருத்தி 85 கிராம் தண்ணீரைத் தானாக உறிஞ்சி வைத்திருக்கும். நாம் அதைக் ‘காய்ந்த துணி’ என்கிறோம். கார்த்திகை மழையில் காற்றே நனைந்திருக்கும்போது இந்த அளவு இன்னும் ஏறும். அப்போது வெப்பத்தைவிடக் காற்றோட்டம்தான் காப்பாற்றும். துணியின் மேல் ஈரம் நிறைந்த காற்றுப் படலம் ஒன்று ஒட்டி நிற்கும். அதைத் தள்ளிவிட்டால்தான் அடுத்த ஈரம் வெளியேறும். ஒரு பக்கம் ஃபேன், எதிர்ப்பக்கம் திறந்த சன்னல், துணிக்கும் துணிக்கும் ஒரு சாண் இடைவெளி. வெயில் வந்தால் சாயத் துணிக்கு உட்புறத்தை வெளியே திருப்பிப் போடலாம், பட்டுக்கு நிழல்.

சோதனை ஒன்று உண்டு. மடித்த துணியைப் பாலித்தீன் கவரில் கட்டி, இரவு சன்னலோரம் வையுங்கள். காலையில் கவரின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை.

திரும்பப் பெட்டியில் அடுக்கும்போது சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, அடியில் இரண்டு மரச் சட்டம் கொடுத்து வையுங்கள். பூச்சி உருண்டையும் வேப்பிலையும் பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு இல்லை. சித்திரை வெயிலில் ஒரு நாள் பெட்டியைத் திறந்து கொட்டி எடுப்பது இரண்டுக்கும் நல்லது.

ஐந்தாம் நாள் வெயில் தலைகாட்டியது. அம்மா லைனிங் துணியை எடுத்து உதறினார். லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் எந்தத் தையல்காரரும் வெட்ட மாட்டார். ஆலையில் இழுத்து நிறுத்திய நூல் முதல் நனைப்பில்தான் தளர்ந்து தன் இயல்பான நீளத்துக்குச் சுருங்கும். அதற்குமுன் தைத்தால் முதல் துவையலில் ரவிக்கை பிடிக்கும். ஆனால் பரணில் ஒழுகியது துணியின் பாதியில்தான் பட்டிருந்தது. பாதி சுருங்கி, பாதி சுருங்காமல் ஓரம் நெளிந்து நின்றது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, அத்தனை லைனிங்கையும் மறுபடி அண்டாவுக்குள் அமுக்கினார்.

“எப்படியும் நனைக்க வேண்டியதுதானே. பாதியை மழையே நனைச்சுக் கொடுத்திருச்சு” என்றார். அளவு நோட்டைத் தேடி எடுத்து, தீபாவளிக்கு எத்தனை ரவிக்கை பாக்கி என்று எண்ணத் தொடங்கினார்.