கெப் வண்டியின் வில்லும் ஷொக் அப்சோபரும்

கண்டி மாநகரை மகாவலி கங்கை மூன்று புறங்களில் வளைந்து சூழ்கிறது. மற்றைய புறத்தில் மலைகள் காவல் நிற்கின்றன. இந்த இயற்கை அரணே 1815ஆம் ஆண்டுவரை கண்டி இராச்சியத்தைக் காத்தது என்பர். அரணை ஊடறுத்துக் கொழும்புப் பாதையைச் சமைத்தவர்களுள் ஒருவரான கப்டன் டோசன் 1829இல் காலமானார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. அந்தப் பாதையில் முதலில் ஏறி இறங்கியவை மாட்டு வண்டிகள். மாட்டு வண்டிக்கு வில் கிடையாது. அது சென்ற வேகத்துக்கு வில் வேண்டியதும் இல்லை. குழியில் சக்கரம் இறங்கினால் வண்டி முழுதும் இறங்கும். மாடு இழுத்தால் வண்டி முழுதும் ஏறும். அவ்வளவே.

இன்று அதே மலைகளில் மரக்கறி சுமப்பது பெரும்பாலும் கெப் எனப்படும் பிக்அப் வண்டி. மாரஸ்ஸனையிலிருந்தும் ஹங்குரான்கெத்தவிலிருந்தும் போஞ்சி, கோவா, கரட் மூடைகளை ஏற்றிக்கொண்டு, இரவோடிரவாகக் கண்டியைத் தாண்டி, மாத்தளை வழியே தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை அடைந்து, வெறும் வண்டியாய்த் திரும்புவது பல சாரதிகளின் அன்றாட வாழ்வு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தடை படிப்படியாக நீங்கி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் புது வண்டி வாங்க வழியற்றவர்கள் பழைய வண்டிக்கே பலம் ஏற்ற முனைந்தனர். பின்புறத்து வில்லில் ஒரு தகட்டைக் கூட்டுவது, அல்லது வில் முழுவதையும் கழற்றிவிட்டுத் தடித்த தகடுகள் கொண்ட வேறொன்றைப் பூட்டுவது, இம்முயற்சிகளுள் முதலாவது.

வில்லை மாற்றியவர் சில நாட்களில் கராஜுக்குத் திரும்பி வந்து சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றே. பாரம் ஏற்றினால் வண்டியின் பின்புறம் முன்போல் தாழவில்லை, அது நல்லதே. ஆனால் வண்டி குதிக்கிறது, வளைவில் பின்புறம் விலகப் பார்க்கிறது என்பார். வில்லிலே பிழை என்று அவர் எண்ணுவார். பிழை வில்லில் இல்லை. வில்லை மாற்றியவர் அதன் துணையை மாற்றாமல் விட்டதே காரணம்.

அந்தத் துணைக்கு ஆங்கிலத்தில் ஷொக் அப்சோபர் என்று பெயர். தமிழிலும் அதிர்ச்சி தாங்கி என்று மொழிபெயர்த்து வழங்குகிறோம். இப்பெயர் தவறான எண்ணத்தை விதைப்பது என்பதை முதலிலேயே கூறிவிடுதல் நலம். அதிர்ச்சியைத் தாங்குவது வில்தான். குழியிலும் மேட்டிலும் சக்கரம் வாங்கும் அடியை வளைந்து கொடுத்து ஏற்றுக்கொள்வது அதுவே. ஷொக் அப்சோபர் பாரத்தைத் தாங்குவதில்லை; சாதாரண ஷொக்கைப் பூட்டி ஒரு மூடையைக்கூட உயர்த்திவிட முடியாது. அதன் வேலை வேறு. வாங்கிய அடியை வில் திருப்பிக் கொடுக்கும்போது எழும் ஆட்டத்தை அடக்குவதே அதன் தொழில். ஆட்டம் அடக்கி என்று பெயரிட்டிருந்தால், பாரம் கூடியதும் "கனமான ஷொக் ஒன்று போடு" என்று கேட்கும் வழக்கம் தோன்றியிருக்காது.

வில்லின் இயல்பை ரொபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1678இல் வெளியிட்டார். பாரம் இரு மடங்கானால் வில்லின் தாழ்வும் இரு மடங்காகும் என்பது அவர் கண்ட விதி. தாழ்ந்த வில் தன்னுள் ஆற்றலைச் சேமிக்கிறது. அடி நீங்கியதும் அதனைத் திருப்பித் தருகிறது. தந்து முடித்ததும் நிற்பதில்லை. ஊஞ்சல் நடுவிடத்தைத் தாண்டி மறுபுறம் செல்வதுபோல, வண்டியின் உடல் தன் நிலையைத் தாண்டி மேலே எழுந்து, மீண்டும் கீழே வருகிறது. ஒரு பாரத்தின் கீழ் 25 சென்ரிமீற்றர் தாழும் வில், அந்தப் பாரத்துடன் ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒரு முறை ஆடும். அதே பாரத்துக்கு ஆறேகால் சென்ரிமீற்றர் மட்டுமே தாழும் விறைத்த வில், ஒரு செக்கனுக்கு இரு முறை ஆடும். வில் விறைக்க விறைக்க ஆட்டம் விரைவுபடுகிறது. திருப்பி உதைக்கும் விசையும் கூடுகிறது.

இந்த உதைப்பை அடக்குவது எண்ணெய். ஷொக்கின் குழாயினுள் எண்ணெய் இருக்கிறது. அதனுள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் செல்கிறது. பிஸ்டனில் சிறு துளைகளும், அவற்றை மூடித் திறக்கும் வால்வுகளும் உள்ளன. அந்த ஒடுங்கிய வழிகளினூடாக எண்ணெய் பிழிந்து செல்லும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. உள்ளே அமுங்குவதற்கு ஒரு வால்வு, வெளியே நீளுவதற்கு வேறொரு வால்வு. இரண்டும் சமமாக அமைவது அரிது. நீளும் போக்கிலேயே தடை அதிகமாக இருக்கும். காரணம் எளிது. சக்கரம் மேலே வரும்போது அதனை எதிர்க்க வில்லும் உடனிருக்கிறது. வில் திரும்ப விரியும்போதோ அதனை எதிர்க்க ஷொக்கைத் தவிர வேறு யாருமில்லை. ஆகவே வில்லை விறைப்பாக்கிய ஒருவர் கடையில் கேட்க வேண்டியது, நீளும் போக்கில் தடை கூடிய ஷொக்கையே.

ஒரு நுட்பம் இங்கே உண்டு. பழைய வில்லின் தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதாலும் ஆட்டம் ஓரளவு அடங்குகிறது. துருப்பிடித்த பழைய தகடுகளில் இந்த உரசல் மிகுதி. எனவே எண்ணெய் ஒழுகி உயிரற்றுப்போன ஷொக்குடன்கூட வண்டி ஒருவாறு ஓடிக்கொண்டிருக்கும். தகடுகளின் நுனியில் உராய்வைக் குறைக்கும் பட்டைகள் வைத்த புதிய வில்லைப் பூட்டிய அன்றே, அதுவரை மறைந்திருந்த நோய் வெளிப்படுகிறது. பழி புதிய வில்லின்மேல் விழுகிறது.

தடையை எவ்வளவு கூட்டுவது? பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கடையிலுள்ளவற்றுள் மிகக் கடினமானது எதுவோ அதுவே சிறந்தது என்று வாங்கிவிடுகிறார்கள். கணக்கோ வேறு சொல்கிறது. பாரம் மாறாதிருக்க, வில்லின் விறைப்பை நூற்றுக்கு 44 கூட்டினால், ஷொக்கின் தடையை நூற்றுக்கு 20 கூட்டினாலே பழைய அடக்கம் திரும்பிவிடும். விறைப்பின் வர்க்கமூலத்தின் அளவுக்கே தடை உயர வேண்டும் என்பது விதி, 1.44இன் வர்க்கமூலம் 1.2 என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லுவர். வில்லின் விறைப்போடு பாரமும் நூற்றுக்கு 44 கூடுமானால்தான் தடையும் நூற்றுக்கு 44 கூட வேண்டும். எப்போதாவது ஒரு நாள் ஏற்றும் பெரும் பாரத்தை எண்ணிப் பார்த்து ஷொக் வாங்குபவர், எஞ்சிய நாட்களெல்லாம் அதன் தண்டனையை அனுபவிக்கிறார்.

அந்தத் தண்டனை யாதெனில், அளவுக்கு மிஞ்சிய தடையுள்ள ஷொக் சக்கரத்தைக் கீழே இறங்க விடுவதில்லை. மலைப் பாதையில் வரிசையாகக் குழிகள் வருகின்றன. முதற்குழியில் மேலெழுந்த சக்கரம் மீண்டும் நிலத்தை அழுத்துமுன் அடுத்த குழி வந்துவிடுகிறது. இவ்வாறு ஒவ்வோர் அடியிலும் வண்டி சிறிது சிறிதாகத் தாழ்ந்து, வில்லுக்கு விளையாட இடமின்றிக் கட்டைபோல் ஆகிறது. வெறும் வண்டியில் இது மேலும் மோசம். பின் சக்கரங்கள் தார்மீது தத்தித் தத்திச் செல்லும். தடை குறைந்தால் வண்டி குதிக்கிறது. கூடினால் சக்கரம் தத்துகிறது. இரண்டிலும் நேர்வது ஒன்றே: டயர் நிலத்தை விட்டு எழுகிறது. மகியங்கனைப் பாதையிலே பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற இறக்கத்தில், நிலத்தைத் தொடாத டயருக்குப் பிரேக்கும் உதவாது, சுக்கானும் உதவாது.

ஆகவே ஷொக் தெரிவு செய்பவர் தம் வண்டி ஆண்டு முழுவதும் உண்மையில் என்ன சுமக்கிறது என்பதைத் தமக்குத் தாமே ஒளிக்காமல் கூறிக்கொள்ள வேண்டும். தம்புள்ளைக்குப் பாரத்தோடு போய் வெறுமையாகத் திரும்பும் வண்டிக்கு இரு நிலைகளுக்கும் இடைப்பட்ட தெரிவே ஏற்றது. தடையைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வகை ஷொக்குகளும் உண்டு, விலை சற்றே அதிகம். எந்நேரமும் கருவிகளைச் சுமக்கும் மின்வேலைக்காரரின் வண்டிக்குக் கணக்கு எளிது. ஏஆர்பி என்னும் ஆஸ்திரேலிய நிறுவனம் 'ஓல்ட் மேன் ஈமு' என்ற பெயரில், இன்ன பாரத்துக்கு இன்ன வில், இன்ன வில்லுக்கு இன்ன ஷொக் என்று சேர்த்தே விற்கிறது. அவ்வாறு ஒரே இடத்தில் இரண்டையும் வாங்குதல் பணமுள்ளவர்க்கு நேர்வழி. உள்ளூர்க் கராஜில் தகடு கூட்டியவர், கூட்டிய தகடுகள் எத்தனை, அவற்றின் தடிப்பு என்ன, வண்டி எத்தனை அங்குலம் உயர்ந்தது என்பவற்றைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லட்டும்.

உயரம் என்றதும் நீளத்தைப் பற்றிக் கூறியாக வேண்டும். தடையைப் பற்றிக் கவலைப்படுபவர்களும் நீளத்தை மறந்துவிடுகிறார்கள். புதிய வில் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டது என்று கொள்வோம். பழைய ஷொக்கின் தண்டு அப்போதே பாதிக்கு மேல் வெளியே இழுபட்டு நிற்கும். சக்கரம் ஒரு குழியில் தொங்கியதும் தண்டு முழுவதும் நீண்டு, உள்ளே முட்டி, சக்கரத்தின் பாரத்தையே சுமக்க நேரிடும். சில மாதங்களில் அதன் கண்ணோ, செசியில் அதனைத் தாங்கும் கொக்கியோ பிய்ந்துபோகும். இதைத் தவிர்க்க, ஷொக்கைக் கழற்றிவிட்டு வண்டியின் செசியை ஜக் வைத்து உயர்த்தி, அச்சு தானாகத் தொங்கும் நிலையில் மேல் ஆணிக்கும் கீழ் ஆணிக்கும் இடைத் தூரத்தை அளக்க வேண்டும். முழுவதும் நீண்ட புதிய ஷொக் அந்தத் தூரத்திலும் சற்று நீளமாக இருத்தல் வேண்டும். மறுபுறமும் உண்டு. பெரும்பாரத்தில் அச்சு மேலெழுந்து ரப்பர்க் கட்டையில் முட்டும் நிலையில் அதே இரு ஆணிகளின் தூரம் என்ன என்று பார்க்க வேண்டும். முழுவதும் அமுங்கிய ஷொக் அதனிலும் குட்டையாக இல்லாவிடில், ரப்பர்க் கட்டை வாங்க வேண்டிய அடியை ஷொக்கே வாங்கித் தண்டு வளையும்.

உள்ளமைப்பிலும் வகைகள் உள்ளன. ஒரு குழாயினுள் இன்னொரு குழாய் அமைந்த இரட்டைக் குழாய் ஷொக் விலை மலிவு, சிறு அடியில் கெடுவதில்லை. ஆனால் கடுமையான பாதையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் சூடேறி, காற்றோடு கலந்து நுரைத்து, தடை குன்றும். நைதரசன் வாயுவை அழுத்தத்தில் அடைப்பதால் நுரைப்பது குறைகிறது. ஒற்றைக் குழாய் ஷொக் வெப்பத்தை நேரே வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிடுவதால் நீண்ட ஓட்டத்துக்கு மேலானது. கல்லடிபட்டுக் குழாய் நெளிந்தால் மட்டும் உடனே கெட்டுவிடும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய ஷொக்குகளை வாங்குவோரும் உளர். அவர்கள் ஷொக்கை நிமிர்த்தி நிறுத்தி, நாலைந்து தடவை முழுவதும் அமுக்கி இழுத்துப் பார்க்கட்டும். வழியில் ஓரிடத்திலேனும் கை வெறுமையாக ஓடினால், அல்லது தண்டிலே எண்ணெய்க் கசிவோ கீறலோ தென்பட்டால், அது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இரு புறமும் ஒரே வகையை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் செய்தபின் வண்டி கூடுதலான பாரம் சுமக்கத் தகுதி பெற்றுவிட்டது என்று எண்ணிவிடலாகாது. அச்சும், பெயரிங்கும், பிரேக்கும் பழையனவே. பதிவுப் புத்தகத்தில் குறித்த மொத்த நிறை மாறுவதில்லை. இதிலே பலர் அறியாத ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பல ஜப்பானியக் கெப் வண்டிகளில் பின் அச்சிலிருந்து செசிக்கு ஒரு மெல்லிய கம்பி செல்லும். அது ஒரு வால்வை இயக்குகிறது. பாரத்தால் வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவதும், வெறுமையாய் உயர்ந்து நின்றால் குறைப்பதும் அந்த வால்வின் வேலை. விறைத்த வில் பூட்டிய வண்டி பாரத்திலும் தாழ்வதில்லை. வால்வோ வண்டி வெறுமையாக இருக்கிறது என்றே கருதிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடுகிறது. ஒரு தொன் கோவாவுடன் கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்கும்போது முழுச் சுமையும் முன் பிரேக்கின்மேல் விழுந்து, அது சூடேறிப் பிடியிழக்கும். வில் மாற்றிய நாளிலேயே இந்தக் கம்பியின் நீளத்தை உற்பத்தியாளர் கூறிய அளவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். முன் விளக்குகளின் ஒளி எங்கே விழுகிறது என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.

பூட்டி முடித்தபின் சோதனை கடினமன்று. முதலில் வெறும் வண்டியாகவும், பின்னர் வழக்கமான பாரத்தோடும், ஒரே பாதையில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மேட்டைத் தாண்டியபின் வண்டியின் பின்புறம் ஒருமுறை எழுந்து, தாழ்ந்து, அடங்கிவிட்டால் தெரிவு சரி. இருமுறை மும்முறை ஆடினால் தடை போதாது. எழவே மறுத்து இடித்துக்கொண்டு சென்றால் தடை மிஞ்சிவிட்டது. தலாத்துஓயாப் பக்கத்துக் குண்டுங்குழியுமான பாதையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு, வண்டியை நிறுத்தி, இரு ஷொக்குகளின் குழாய்க்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய், பின் மெல்லத் தொட்டுப் பார்க்கவும். இரண்டும் ஒரே அளவில் சூடாக இருக்க வேண்டும். ஒன்று குளிர்ந்திருந்தால், அந்தப் பக்கத்து ஷொக் வேலை செய்யவே இல்லை.