தோலில் ஒரு கலிங்கு

வைட்டமின் டி குறைந்தால் எலும்பு வலுவிழக்கும் என்பதும், அந்தச் சத்தை வெயில் தரும் என்பதும் பலரும் அறிந்தவை. ஆனால் எழுபது வயதைக் கடந்தவரின் தோலில் வெயில் எவ்வளவு வேலை செய்கிறது, எந்த நேரத்து வெயிலுக்கு அந்த ஆற்றல் உண்டு என்பவை முதியோரைப் பேணும் வீடுகளில்கூடப் போதிய அளவு தெரிந்திருப்பதில்லை.

கொலஸ்டிரால் உருவாகும் வழியில் அதற்கு ஒரு படி முன்னதாக நிற்கும் 7-டிஹைட்ரோகொலஸ்டிரால் என்னும் பொருள் தோலில் இயல்பாகவே இருக்கிறது. ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புறஊதா பி கதிர் அதன்மீது படும்போது, அம்மூலக்கூறின் நான்கு வளையங்களுள் ஒன்று திறந்துகொண்டு முன்வைட்டமின் டி3 என்ற இடைநிலைப் பொருளாகிறது. அது உடலின் வெப்பத்தாலேயே மெல்ல உருமாறி வைட்டமின் டி3 ஆகிறது. பின்னர் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அடுத்தடுத்து மாற்றம் பெற்று, குருதியில் சென்று தொலைவிலுள்ள உறுப்புகளை இயக்கும் ஹார்மோனாகி, உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் ஈர்த்துக்கொள்ளத் துணைசெய்கிறது.

இந்த ஏற்பாட்டில் வியப்புக்குரிய ஒன்று உண்டு. நாள் முழுவதும் உப்பளத்திலும் வயலிலும் நின்று உழைப்போருக்கும் வெயிலால் வைட்டமின் டி மிகுந்து நஞ்சாவதில்லை. ஏனெனில், முன்வைட்டமின் ஓரளவு சேர்ந்தபின் மேலும் படும் வெயில் அதனை லூமிஸ்டெரால், டாக்கிஸ்டெரால் முதலிய வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. ஏரி நிரம்பியதும் கரையை உடைக்காமல் மிகைநீர் கலிங்கு வழியே தானாக வழிந்தோடுவதைப் போல, ஆக்கும் வெயிலே அளவையும் காக்கிறது. மருத்துவர் எவரும் அளந்து கொடுக்காமல், எந்தச் சோதனையும் செய்யாமல் நாள்தோறும் நிகழும் இந்த ஒழுங்குக்கு ஈடான பாதுகாப்பு மருந்துக் கடையில் கிடைப்பதில்லை.

முதுமையில் இந்த ஏரிக்கு வரத்து குறைந்துபோகிறது. மக்லாஃப்லின், ஹோலிக் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 8, 18 வயதினரின் தோலையும் 77, 82 வயதினரின் தோலையும் ஒப்பிட்டு 1985இல் வெளியிட்ட முடிவின்படி, முதிய தோலில் முன்வைட்டமின் உருவாகும் திறன் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. கருநிறத் தோலிலுள்ள மெலனின் என்னும் நிறமியும் அதே கதிரை ஈர்த்துக்கொள்வதால், தமிழ்நாட்டு முதியவருக்கு வெயில் பிறரினும் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது, கிடைப்பதோ குறைவு. வடகம் காயவைக்கவும் நெல்லைக் கிளறவும் முற்றத்துக்கும் மொட்டை மாடிக்கும் போய்வந்த மூதாட்டிகள், அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிக் கதவு பூட்டப்பட்டிருக்க, சன்னலோர நாற்காலியில் பகலைக் கழிக்கின்றனர். கண்ணாடி வழியே வெளிச்சமும் வெப்பமும் வருமேயன்றி, புறஊதா பி கதிர் ஏறக்குறைய முழுவதும் தடுக்கப்பட்டுவிடும். முதியவரை வெயில் படாமல் வைத்திருப்பதே அன்பு என்று எண்ணும் வழக்கம் மறுபரிசீலனைக்கு உரியது.

காலை இளவெயிலே சிறந்தது என்ற நம்பிக்கையும் அத்தகையதே. கதிரவன் தாழ்ந்திருக்கும்போது கதிர்கள் ஓசோன் படலத்தைச் சாய்வாக நெடுந்தொலைவு கடந்துவர வேண்டியிருப்பதால், புறஊதா பி பெரும்பாலும் வழியிலேயே ஈர்க்கப்பட்டுவிடுகிறது. ஒருவரின் நிழல் அவரது உயரத்தைவிடக் குறுகியிருக்கும் பொழுதே பயன்தரும் பொழுது என்பது எளிய அளவுகோல். ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ள சென்னையில், மார்கழி மாத நண்பகலிலும் நிழல் ஆளைவிடக் குறுகியே விழும். சித்திரை, வைகாசிக் கடும்வெயில் முதியோருக்குத் தீங்கானது என்பதையும் மறத்தலாகாது.

குறைபாடு எலும்பில் தெரிவதற்கு முன்பே தசையில் தெரிவதுண்டு. தரையிலிருந்து கையூன்றாமல் எழ இயலாமை, படியேறுகையில் தொடை தளர்தல், நடை அசைந்தாடுதல் ஆகியவற்றை வயதின் இயல்பென்று தள்ளிவிடுவது பெரும் புறக்கணிப்பாகும். ஏனெனில் தசைத் தளர்ச்சி வீழ்ச்சிக்கும், வீழ்ச்சி இடுப்பெலும்பு முறிவுக்கும் இட்டுச் செல்கிறது. பிரான்சில் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த, சராசரி வயது 84 ஆன 3,270 பெண்களிடம் நடந்து 1992இல் வெளிவந்த ஆய்வில், நாள்தோறும் 800 அலகு வைட்டமின் டியும் கால்சியமும் 18 மாதங்கள் தொடர்ந்து உட்கொண்டவர்களிடம் இடுப்பு முறிவு 43 விழுக்காடு குறைந்தது. குறைபாடு உள்ளவரா என்று பாராமல் சேர்க்கப்பட்ட 25,871 அமெரிக்கர்களுக்கு நாளொன்றுக்கு 2,000 அலகு கொடுத்துப் பார்த்த பிற்கால ஆய்விலோ எலும்பு முறிவு குறையவில்லை. குறைவுள்ளவருக்கே இச்சத்து மருந்தாகிறது என்று இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதே பொருத்தம்.

எழுபதைக் கடந்தோருக்கு அமெரிக்க மருத்துவக் கழகம் பரிந்துரைத்த நாளளவு 800 அலகு. இந்தியாவிலோ 60,000 அலகு கொண்ட சிறு பொட்டலங்களும் மாத்திரைகளும் வாரம் ஒன்றென, குறிப்பிட்ட வாரங்களுக்கு எழுதித் தரப்படுகின்றன. அதனை நாள்தோறும் உண்பதும், மருத்துவர் சொன்ன காலம் முடிந்தபின் பழைய சீட்டைக் காட்டி வாங்கித் தொடர்வதும் இடர் மிகுந்தவை. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 அலகு ஒரே வேளையில் கொடுத்த ஆய்வு, 2010இல் வெளியானபோது, அவர்கள் விழுவதும் எலும்பு முறிவதும் கூடியிருந்ததைக் காட்டியது. அளவு மீறிய வைட்டமின் டியால் குருதியில் கால்சியம் ஏறும்போது தணியாத தாகம், மலச்சிக்கல், வாந்தி, மனக்குழப்பம் ஆகியவை தோன்றிச் சிறுநீரகமும் பழுதடையலாம். வாய்வழி வருவதற்குக் கலிங்கு கிடையாது. உண்பதை நிறுத்திய பின்னரும், கொழுப்புத் திசுவில் தேங்கியது பல வாரங்கள் குருதியில் கசிந்துகொண்டே இருக்கும்.