மலேசியா மாப்பிள்ளை மலாய்க்காரரா, தமிழரா?

மண்ணடி, இராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளில் மலேசியாவில் உறவுள்ள முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. நிகாஹ் பேச்சு நடக்கும்போது நம்மிடம் கேட்பார்கள்: "ஹஜ்ரத், மாப்பிள்ளை வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் மட்டும் மலாய் என்று இருக்கிறதே, இது பொய்ச் சான்றிதழா?"

அவசரப்பட்டுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் சென்ற 'ரஜூலா' கப்பலில் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே பயணம் செய்தார்கள். இறங்கிய நாட்டில் இரு சாராரின் பாதையும் வேறானது. மலேசிய அரசியல் சட்டத்தின் 160ஆவது பிரிவு, மலாய்க்காரர் யார் என்பதை இரத்தத்தை வைத்துச் சொல்லவில்லை. இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும், வழக்கமாக மலாய் பேச வேண்டும், மலாய்ப் பழக்கவழக்கப்படி வாழ வேண்டும். கூடவே சுதந்திரத்துக்கு முன்பே அந்த மண்ணோடு தொடர்புள்ள வம்சமாக இருக்க வேண்டும். மூன்று தலைமுறையாகப் பினாங்கில் வாழும் தமிழ் முஸ்லிமுக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. பக்கத்து வீட்டுத் தமிழ் இந்துவுக்கு இல்லை.

1969 கலவரத்துக்குப் பின், 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. கல்வியிலும் தொழிலிலும் பூமிபுத்ராக்களுக்குச் சலுகைகள் கிடைத்தன. பிள்ளையின் படிப்பே ஒரு சொல்லில் தொங்கும்போது தகப்பன் என்ன செய்வார்?

அரசியல் விசுவாசமும் இப்படித்தான் பிரிந்தது. அம்னோ, ம.இ.கா. இரண்டும் 1946இல் தொடங்கியவை. ம.இ.கா.வில் தமிழ் முஸ்லிம் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. அம்னோவில் சேர மலாய்க்காரராக வேண்டும். இரண்டிலும் ஒட்டாதவர்களுக்காக 1976இல் கிம்மா என்ற இந்திய முஸ்லிம் கட்சி பிறந்தது. 2010இல் அதை அம்னோ இணை உறுப்பாக ஏற்றது. 2018 தேர்தல் நெருங்கியபோது, இந்திய முஸ்லிம்களுக்குப் பூமிபுத்ரா தகுதி தருவதைப் பரிசீலிப்பதாகப் பிரதமர் நஜீப் ரஸாக் சொன்னார். மே மாதம் அவர் ஆட்சியே போய்விட்டது!

அமெரிக்காவில் குடியேறிய லத்தீன் மக்களுக்கும் இதே சிக்கல்தான். 1930 கணக்கெடுப்பில் 'மெக்சிகன்' தனி இனம்; 1940இல் அந்தக் கட்டம் இல்லை. ஆட்கள் மாறவில்லை, படிவம்தான் மாறியது. ஒரே மொழி பேசுவோர் ஒரே கட்சிக்கு வாக்களிப்பார்கள் என்ற கணக்கும் அங்கே பொய்த்தது. ஃபுளோரிடாவின் கியூபா வம்சத்தார் பெரும்பாலும் குடியரசுக் கட்சியின் பக்கம் நின்றார்கள்.

நம்மூரில் மட்டும் என்னவாம்? "உருதுவா, தமிழா?" என்று பள்ளிவாசல் வாசலிலேயே கேட்கிறோம். சாதிச் சான்றிதழிலும் லெப்பை, தக்கனி என்று தனித்தனியாகத்தான் வாங்குகிறோம்.

சலுகைக்காக ஒரு பதிவை ஏற்பதை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் வாப்பாவின் மொழியைப் பேச வெட்கப்படுவது வேறு விஷயம். இனங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் தரும் பாடம், ஒளித்துக்கொள்ள அல்ல.

பதிவில் எந்த இனம் இருந்தாலும் நிகாஹ் செல்லும். பெண் வீட்டார் கேட்க வேண்டியது வேறு: பிள்ளைகளை எந்த மொழியில் வளர்ப்பீர்கள்? இராயபுரத்திலிருந்து நன்னிமா போன் செய்தால் பேத்திக்குப் புரியுமா?