தேம்ஸ் விட்டுப்போன சரளை

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே ஸ்வான்ஸ்கோம் என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள பார்ன்ஃபீல்ட் குழி, சரளை வெட்டி எடுத்த பழைய குழி. கற்கருவிகளைத் தேடி அங்கே வந்துபோய்க்கொண்டிருந்த பல் மருத்துவர் ஆல்வன் மார்ஸ்டன், 1935 ஜூனில் அந்தச் சரளைக்குள் மனிதப் பின்மண்டை எலும்பு ஒன்றைக் கண்டெடுத்தார். அடுத்த மார்ச்சில் அதே மண்டையோட்டின் இடப்பக்க எலும்பும் கிடைத்தது. இரண்டும் விளிம்போடு விளிம்பு பொருந்தின.

அந்த மண்டையோட்டின் வயது சுமார் 4 லட்சம் ஆண்டுகள். அதைச் சொல்வது சரளை கிடக்கும் இடம்தான்.

இன்றைய ஆற்றுமட்டத்தைவிட ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தச் சரளை. ஆற்றுக்கல் அத்தனை மேட்டுக்கு எப்படிப் போனது? அது போகவில்லை, ஆறுதான் இறங்கிவிட்டது. நிலம் மெல்ல மெல்ல உயர, தேம்ஸ் தன் படுகையை அறுத்துக்கொண்டே கீழே சென்றது. போகிற போக்கில் பழைய படுகையின் துண்டுகளைக் கரையோரம் விட்டுவிட்டது. பள்ளத்தாக்கின் சரிவில் அவை படிக்கட்டுபோல் நிற்கின்றன. மேல்படிதான் மூத்தது. ஆனால் ஒரே படிக்குள் தோண்டினால் கணக்கு தலைகீழ்: அங்கே அடியில் கிடப்பதே மூத்தது.

இன்னொரு சாட்சியும் உண்டு. சுமார் 4.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம், தேம்ஸைத் தெற்கே தள்ளியது. அதன் பிறகே ஆறு இந்த வழியாக ஓடியது. ஆகவே இந்தச் சரளை அந்தப் பனிக்காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது.

குழியின் அடிச்சரளையில் கிடைப்பவை தீக்கல்லை உடைத்த எளிய சில்லுகள். அதற்கு மேலே மென்மையான வண்டல். அதற்கும் மேலுள்ள சரளையில்தான் இருபுறமும் செதுக்கிய கூர்முனைக் கைக்கோடரிகள் வருகின்றன. மண்டையோடு கிடைத்ததும் அந்த மேல் அடுக்குகளில்தான். நேர்த்தந்த யானை, காண்டாமிருகம், சிங்கம், மான் ஆகியவற்றின் எலும்புகளும் இந்தக் குழியில் கிடைத்துள்ளன. பனியுகங்களுக்கு நடுவே வந்த ஓர் இளஞ்சூட்டுக் காலம் அது.

மண்டையோட்டின் உட்புறத்தில் ரத்தக் குழாய்கள் பதிந்த தடங்கள் இன்றும் தெரிகின்றன. பின்மண்டையில் ஒரு சிறு குழிவு. நியண்டர்தால் மனிதர்களிடம் காணப்படும் அடையாளம் அது. முகப்பகுதி கிடைக்கவில்லை. இளம்பெண்ணின் மண்டையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

1954-ல் இந்தக் குழி தேசிய இயற்கைக் காப்பகமானது. மறு ஆண்டே, ஜான் வைமர் குழுவினரின் அகழாய்வில் வலப்பக்க எலும்பு வெளிவந்தது. மார்ஸ்டனின் முதல் எலும்புக்கு 20 ஆண்டுகள் கழித்து, அதே மண்டையோட்டின் மூன்றாவது துண்டு! இடைப்பட்ட காலத்தில் அந்தச் சரளையும் லாரியேறியிருந்தால், அது ஏதோ ஒரு கான்கிரீட்டுக்குள் போயிருக்கும்.

எலும்பை அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம். அது எதற்கு மேலே, எதற்குக் கீழே கிடந்தது என்பதை மறுபடி சரிபார்க்க வெட்டாத மண்தான் வேண்டும். நம்மிடம் இல்லாத கருவிகளோடு நாளை வரும் ஆய்வாளருக்கு அந்த மண்ணை மிச்சம் வைப்பது நம் பொறுப்பு.