எதிர்த்து வரும் சாக்கடை

சென்னை நகரம் கடலோரச் சமதரையில் பரந்து கிடப்பதால், பாதாளச் சாக்கடை நீர் தன் போக்கிலேயே வெகுதூரம் சரிந்தோடும் சௌகரியம் அதற்கு வாய்க்கவில்லை. ஆங்காங்கே நீரேற்று நிலையங்கள் அதை இறைத்துத் தள்ளியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், தெரு வெள்ளம் வடியட்டுமென்று மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவோரும், மொட்டைமாடி மழைநீர்க் குழாயைச் சாக்கடையோடு இணைத்துவிடுவோரும் இழைக்கும் அநியாயத்தால், கழிவுநீருக்கென்றே அமைந்த அக்குழாய்கள் கொள்ளாமல் நிரம்பி, சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் பள்ளத்தில் அமிழ்ந்துவிட்ட வீடுகளின் குளியலறைச் சல்லடை வழியே அசுத்த ஜலம் குமுறிக்கொண்டு மேலேறுகிறது. முதலில் ஒரு களகளச் சத்தம், பிறகு துர்நாற்றம், அதன்பின் கருத்த நீர்.

இதற்குத் தக்க பரிகாரம், வீட்டுக் குழாய் தெருவை நோக்கிச் செல்லும் சேம்பரில் ஒருவழி வால்வு பொருத்துவதே. வெளியேறும் நீருக்கு வழிவிடும் அதன் தகடு, நீர் எதிர்த்து வருகையில் அந்த அழுத்தத்தாலேயே சாத்திக்கொள்ளும். கீலில் தலைமுடியோ துணித்துண்டோ சிக்கினால் சாத்தாது; ஆகையால் மழைக்காலத்துக்கு முன்பே திறந்து கழுவுவது அவசியம். தகடு சாத்தியிருக்கும்வரை நம் வீட்டு நீரும் வெளியேறாதென்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்குழாயில் வால்வைப் பொருத்தினால், மாடியிலுள்ளோர் கொட்டும் நீரே கீழ்வீட்டில் பொங்கிவிடும் என்பதால், தரைத்தளத்துக் கிளைக்குழாயை மட்டும் தனியே பிரித்து அதில் பொருத்துவதே உத்தமம்.