உங்களுக்குத் தெரியுமா?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியபின், டிக்கெட் பரிசோதகரைப் பார்த்ததும் செல்போனில் அவசரமாக டிக்கெட் எடுக்க முடியாது. நீங்கள் தண்டவாளத்தை ஒட்டி இருப்பதை ஜிபிஎஸ் மூலம் அறிந்து, ரயில்வேயின் டிக்கெட் செயலி கையை விரித்துவிடும்!

• முன்பதிவில்லா பயணத்துக்கு காகிதமே இல்லாத செல்போன் டிக்கெட், எழும்பூர்–தாம்பரம் தடத்தில் 2015 ஏப்ரல் 22 அன்று சோதனை முயற்சியாகத் தொடங்கியது.

• ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சிக்னல் வந்துசேரும் நேரத்தைக் கணக்கிட்டு, செல்போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது.

• நிலையத்துக்குள் வந்துவிட்டீர்களா? சுவரில் ஒட்டியுள்ள கியூஆர் கோடை அந்தச் செயலியால் ஸ்கேன் செய்யுங்கள். எந்த நிலையம் என்பதை அந்தக் கட்டமே சொல்லிவிடும், டிக்கெட் எடுக்கலாம்.

• அந்தக் கட்டத்தின் மூன்று மூலைகளில் பெரிய சதுரங்கள் இருக்கும். அவற்றை வைத்துத்தான் கேமரா திசையை அறிகிறது. ஆகவே, போனைத் தலைகீழாகப் பிடித்தாலும் படித்துவிடும்.

• கியூஆர் கோடு 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் பிறந்தது, கார் உதிரிபாகங்களைக் கணக்கெடுக்க!